உருவம் அமைக்கப் படிப்பிப்பது எப்படி?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பெண்பிள்ளைகள் சிலர் இன்று கணினியில் முப்பரிமாண உருவம் அமைக்கப் பழகுகிறார்கள். சிறுவர் படங்களிலும் கணினி விளையாட்டுகளிலும் நடமாடும் பாத்திரங்கள் இவ்வாறுதான் உருவாகின்றன. வீட்டிலிருந்தே செய்யத்தக்க தொழில் என்பதால் தாய்மாருக்கும் இதில் விருப்பம் உண்டு. (உயிருள்ளவற்றின் உருவம் அமைப்பது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது தனியாக எழுதவேண்டிய விடயம்.)

ஆனால் தொடங்குவோர் பலர், முடிப்போர் சிலர். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, "உம்மா, இது எனக்கு வராது" என்று பிள்ளை எழுந்துவிடுகிறாள். பிழை பிள்ளையிடமா, பாடத்திலா?

பணம் இங்கே தடையல்ல. 'பிளெண்டர்' என்னும் மென்பொருளை நெதர்லாந்தைச் சேர்ந்த டொன் ரூசண்டால் உருவாக்கினார். 2002இல் அவருடைய நிறுவனம் மூடப்பட்டபோது, ஆதரவாளர்கள் ஏழு வாரங்களில் 1,00,000 யூரோ திரட்டி அதை மீட்டார்கள். அவ்வாண்டு ஒக்டோபர் முதல் அது எல்லோருக்கும் இலவசம். ஆகவே குறை, நல்ல பாடம் கிடைக்காததில்தான்.

வட்டிலப்பம் செய்யும் முறையை ஒருவர் எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "கித்துள் கருப்பட்டி தேவையான அளவு, பதம் வந்ததும் இறக்கவும்" என்று எழுதினால், தெரிந்தவருக்கு அது போதும். தெரியாத மருமகள் என்ன செய்வாள்? எவ்வளவு, எந்தப் பதம் என்பதுதானே அவளுக்கு வேண்டிய பாடம்! கணினிப் பாடங்கள் பலவும் இப்படித்தான் இருக்கின்றன.

காரணம் சொல்லுங்கள்

உருவம் அமைப்போர் பெரும்பாலும் ஒரு கனசதுரத்தில் தொடங்குகிறார்கள். 'மிரர்' வசதியால் வலப்பக்கம் செய்வது இடப்பக்கத்திலும் தானே அமையும். பக்கங்களை இழுத்து நீட்டிக் கையும் காலும் ஆக்குவார்கள். "முழங்கையில் மூன்று வளையக் கோடு போடுங்கள்" என்று மட்டும் பாடம் சொன்னால், பிள்ளை போடுவாள். ஏன் என்று அறியமாட்டாள். "ஒரே கோடு இருந்தால், கையை மடக்கும்போது முழங்கை நசுங்கிப்போகும். மடிப்புக்கு இடம் வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தால், தையல் தெரிந்த பிள்ளை உடனே பிடித்துக்கொள்வாள். முழங்காலுக்கும் விரலுக்கும் தானாகவே அதைச் செய்வாள். கண்ணையும் வாயையும் சுற்றி வளையமாகக் கோடுகள் ஓடுவதும் இதற்காகவே. அப்போதுதான் முகம் சிரிக்கும், கண் மூடும்.

தவறையும் காட்டுங்கள்

'மிரர்' போட்டவர் 'கிளிப்பிங்' என்னும் தெரிவை இயக்க மறந்தால், உருவம் நடுவில் பிளந்து நிற்கும். எழுதுபவருக்கு இது அற்பம். பழகுபவருக்கோ முழு நாளும் வீண். பிளந்த உருவத்தின் படத்தைப் போட்டு, "இப்படி வந்தால் இதைச் செய்யுங்கள்" என்று எழுதுவது பெரிய உதவி.

எந்தப் பதிப்புக்கான பாடம் என்பதையும் தலைப்பிலேயே குறிக்க வேண்டும். 2019 ஜூலையில் வந்த 2.80 பதிப்பில் பிளெண்டரின் தோற்றமே மாறியது. அதுவரை வலது பொத்தானால் தெரிவு செய்தது இடது பொத்தானுக்கு வந்தது. பழைய பாடத்தைப் புதிய பதிப்பில் பின்பற்றும் பிள்ளை தன்னைத்தானே நொந்துகொள்கிறாள்.

படமும் சொல்லும் அருகருகே இருக்கட்டும். படம் ஒரு பக்கம், விளக்கம் மறு பக்கம் என்றிருந்தால், இரண்டையும் பொருத்திப் பார்ப்பதிலேயே கவனம் சிதறும் என்பதை அவுஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஜோன் ஸ்வெல்லரும் அவரது குழுவினரும் ஆய்ந்து காட்டியுள்ளனர்.

படிப்படியாகக் கையை விடுங்கள்

அரபுக் கல்லூரியில் ஸர்ப் பாடத்தில், 'நஸர' என்ற ஒரு வினையை முழுமையாக வாய்ப்பாடாக்கிக் காட்டுவோம். அடுத்த வினையில் பாதியை மாணவர் சொல்வார். மூன்றாவதை முழுவதும் அவரே சொல்வார். உருவப் பாடமும் அவ்வாறே அமையலாம். வலது கையைப் படிப்படியாகக் காட்டுங்கள். காலுக்குக் குறிப்பு மட்டும் தாருங்கள். வாலுள்ள பூனையொன்றை அவளே செய்யட்டும். பார்த்துச் செய்ததும் தானாகச் செய்ததும் ஒன்றாகுமா?

தெரியாதவரிடம் கொடுத்துப் பாருங்கள்

மும்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய 'ஸ்போக்கன் டியூட்டோரியல்' திட்டத்தில் பிளெண்டர் உட்படப் பல இலவச மென்பொருள்கள் கற்பிக்கப்படுகின்றன. தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் குரல் சேர்க்கப்படுகிறது. ஒரு பாடம் சுமார் 10 நிமிடமே. திரையின் ஒரு பாதியில் பாடம், மறு பாதியில் மென்பொருள் என்று வைத்துக்கொண்டு கூடவே செய்து பழகும்படி அது அமைந்திருக்கிறது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, பாடத்தைப் பதிவு செய்யுமுன் அத்துறை அறியாத ஒருவரிடம் கொடுத்து, அவரால் செய்ய முடிகிறதா என்று சோதிக்கும் வழக்கமாகும்.

இதை நம் வீட்டிலும் செய்யலாம். கற்றுத் தேறிய சகோதரிகளே, நீங்கள் அறிந்ததைத் தமிழில் ஒரு சிறு பாடமாக எழுதுங்கள். தங்கையிடம் கொடுத்துவிட்டு, வாய் திறவாமல் அருகில் அமருங்கள். அவள் எங்கே தயங்குகிறாளோ, அந்த வரியின்கீழ் கோடிடுங்கள். பிழை அவளிடம் இல்லை, அந்த வரியில் இருக்கிறது. அதைத் திருத்தி எழுதினால், அடுத்துப் படிக்க வரும் பிள்ளை "எனக்கு இது வராது" என்று எழுந்து போகமாட்டாள்.