குற்றம் பேப்பரிலா, பிரின்டரிலா?

கடைக்கு வருபவர்களில் பலர், "எந்தப் போட்டோப் பேப்பர் நல்லது?" என்று கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, "என் பிரின்டரின் மைக்கு எது பொருந்தும்?" என்பதாகும். இதை நான் நட்டப்பட்டே படித்துக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன்னர் பாடசாலையொன்றின் பரிசளிப்பு விழாப் படங்களை 4க்கு 6 அங்குல அளவில் அச்சிட்டுக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தன. விரல் பட்ட இடமெல்லாம் பிள்ளைகளின் தலைமயிரும் கறுப்புச் சப்பாத்தும் இழுபட்டிருந்தன. பேப்பர் விற்ற புறக்கோட்டை மொத்த வியாபாரியை நாலு பேர் முன்னிலையில் ஏசிவிட்டு, மிகுதிப் பெக்கட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிழை என்னுடையது என்பது பின்னர்தான் விளங்கியது.

இன்க்ஜெட் மை இரண்டு வகைப்படும். டை மையில் நிறம், தண்ணீரில் சீனி போலக் கரைந்திருக்கும். பிக்மென்ட் மையில் நிறம் நுண்ணிய தூளாக மிதக்கும். பளபளப்பான போட்டோப் பேப்பரின் பூச்சு டை மையை உள்ளே இழுத்துக்கொள்ளும். கடிதம் அச்சிடுவதற்கான பிக்மென்ட் கறுப்போ மேலேயே தங்கிவிடும். தொட்டால் கையோடு வரும்.

எப்சன் எல் 3110 இல் நான்கு மைகளும் டை. கெனன் ஜி 2010, ஜி 3010 ஆகியவற்றில் மூன்று நிறங்கள் டை, கறுப்பு மட்டும் பிக்மென்ட். இவ்வகைப் பிரின்டரில் பேப்பர் வகையைக் 'குளொசி போட்டோ' என்று தெரிவு செய்தால், அது பிக்மென்ட் கறுப்பை விட்டுவிட்டு மூன்று நிறங்களையும் கலந்தே கறுப்பை உண்டாக்கும். நான் 'பிளேன் பேப்பர்' என்றே விட்டிருந்தேன். வந்த வினை அதுதான்.

ஆகவே வியாபார நண்பர்கள் கவனிக்க வேண்டியவை:

1. உங்கள் மை எந்த வகை என்று பாருங்கள். எல்லா மையும் பிக்மென்ட் ஆயின், பிக்மென்டுக்கும் உகந்தது எனக் குறிப்பிட்ட பேப்பரையே வாங்குங்கள்.

2. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீற்றர் பேப்பரின் கிராம் நிறை. 230, 260 போன்ற தடித்த பேப்பரை உங்கள் பிரின்டர் ஏற்குமா என்று கையேட்டில் பாருங்கள்.

3. பூசிய பக்கம் தெரியாவிட்டால், ஈர விரலால் மூலையைத் தொடுங்கள். ஒட்டுகின்ற பக்கமே அச்சிடும் பக்கம்.

4. இன்க்ஜெட் போட்டோப் பேப்பரை லேசர் பிரின்டரில் போடாதீர்கள். சூட்டில் பூச்சு உருகி உருளையில் ஒட்டினால் திருத்தச் செலவு பெரிது.

5. நமது காலநிலையில் ஈரம் அதிகம். திறந்த பெக்கட்டை இறுக மூடி வையுங்கள்.

6. புதிய பேப்பரென்றால் ஒரு பெக்கட் மட்டும் வாங்கி அச்சிட்டு, ஒரு நாள் கழித்து விரலால் தேய்த்துப் பார்த்த பிறகே மொத்தமாக எடுங்கள்.

அந்த மொத்த வியாபாரியிடம் மறுபடியும் போய், ஏசிய அதே இடத்தில் நின்று மன்னிப்புக் கேட்டேன். நான் திருப்பிக் கொடுத்த பெக்கட்டுகளை அவர் விற்காமல் வைத்திருந்தார். காசு கொடுத்து எடுத்து வந்தேன். அதே பேப்பரில், அதே பிரின்டரில் பாடசாலைப் படங்களை மீண்டும் அச்சிட்டேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.