கடலில் காணாதிருந்த பசுமை

நடுக்கடலில் ஒரு தேக்கரண்டித் தெளிந்த நீரை எடுத்து நோக்கினால், அதில் யாதொன்றும் இருப்பதாகத் தோன்றாது. ஆயினும் வெப்பக் கடல்களில் அவ்வளவு நீரினுள் 5 இலட்சம் நுண்ணுயிர்கள் வரை வாழக்கூடும். ‘புரோக்குளோரோகாக்கஸ்’ என்பது அவற்றின் பெயர். சூரிய வெளிச்சத்தைக் கொண்டு உணவு ஆக்கும் உயிர்களுள் உலகில் எண்ணிக்கை மிகுந்தது இதுவே. இத்துணை மலிந்த உயிர் 1985-ஆம் ஆண்டு வரை இன்னதென்று அறியப்படாதிருந்தது. அது வெளிப்பட்ட வரலாறு, அமெரிக்க விஞ்ஞானி சாலி சிஷோம் அம்மையாரின் வாழ்க்கைப் பணியோடு இணைந்ததாகும்.

மிச்சிகன் மாநிலத்தில் 1947-இல் பிறந்த இவ்வம்மையார், 1974-இல் டாக்டர் பட்டம் பெற்று, 1976-இல் மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராக அமர்ந்தார். உயிரியல் கற்ற அவருக்கு இடம் கிடைத்தது கட்டடப் பொறியியல் துறையில் என்பது குறிப்பிடத்தக்கது. கடலில் மிதந்து வாழும் நுண்தாவரங்களே அவர் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

அந்நாளில் இத்தகைய உயிர்களை வலையால் அரித்தும், மைக்ராஸ்கோப்பால் நோக்கியும் கணக்கிட்டு வந்தனர். மிகச் சிறியவை வலைக்கும் கண்ணுக்கும் தப்பின. இரத்த அணுக்களைப் பிரித்தறிவதற்கு மருத்துவ ஆராய்ச்சியில் பயன்பட்ட ‘புளோ சைட்டோமீட்டர்’ என்னும் கருவியைக் கடலாராய்ச்சிக்குக் கொணர்ந்தவர்களுள் சிஷோமும், உட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆல்சனும் முக்கியமானவர்கள். இக்கருவியில் உயிரணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியின் முன்னே ஓடுகின்றன. பச்சையம் உள்ள அணு, ஒளி பட்டவுடன் சிவப்பாக ஒளிர்கிறது. அவ்வொளியைக் கருவி பதிவு செய்கிறது.

1985-இல் இக்கருவியைக் கப்பலில் ஏற்றிச் சென்று, முன்பே அறியப்பட்ட ‘சைனெக்கோகாக்கஸ்’ என்னும் உயிரை எண்ணினர். அப்பொழுது பதிவின் கடைக்கோடியில் மங்கலான புள்ளிகள் சில தென்பட்டன. கருவியில் எழும் மின்னிரைச்சலே அது என முதலில் கருதினர். ஆனால் நீர் எடுத்த ஆழம் மிகுந்தோறும் அப்புள்ளிகளின் சிவப்பொளியும் மிகுந்தது. மின்னிரைச்சலுக்குக் கடலின் ஆழம் எவ்வாறு தெரியும்? வெளிச்சம் குன்றிய இடத்தில் வாழும் தாவர அணுவே கூடுதலாகப் பச்சையத்தைச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே அவை உயிர்களே எனத் தெளிந்தனர். இம்முடிவு 1988-இல் வெளியாயிற்று. 1992-இல் அவ்வுயிருக்கு முறைப்படி பெயர் சூட்டப்பட்டது.

இவ்வணுக்களுள் 1,500-க்கு மேற்பட்டவற்றை வரிசையாக அடுக்கினாலன்றி ஒரு மில்லிமீட்டர் நிறையாது. வடக்கே 40 பாகை முதல் தெற்கே 40 பாகை வரை, இந்தியப் பெருங்கடல் உட்பட, உப்புச்சத்தன்றி ஊட்டச்சத்துக் குறைந்த கடல்களில் இது செழிக்கிறது. மேல்நீரின் மிகுந்த வெளிச்சத்திற்கேற்ற வகையும், ஆழ்நீரின் மங்கிய வெளிச்சத்திற்கேற்ற வகையும் தனித்தனியே உண்டு என்பதை அவருடைய குழுவினர் 1998-இல் காட்டினர். மேல்நீர் வகை ஒன்றின் ஜீன்கள் ஏறத்தாழ 1,700 மட்டுமே என்பது 2003-இல் தெரிய வந்தது. குடலில் வாழும் ‘ஈ. கோலை’ பாக்டீரியாவுக்கு 4,000-க்கு மேல் உள்ளன.

கடலில் இரும்புச் சத்தைத் தூவி நுண்தாவரங்களைப் பெருக்கினால் காற்றிலுள்ள கரியமிலவாயு குறையும். அதனை வாணிகமாகவும் நடத்தலாம் எனச் சிலர் திட்டமிட்டனர். 2001-இல் சிஷோமும் சக விஞ்ஞானிகள் இருவரும் இதனை வெளிப்படையாக எதிர்த்தனர். பெருகிய தாவரங்கள் மடிந்து அழுகும்போது ஆழ்நீரில் பிராணவாயு குறையும். கடலின் உணவுத் தொடர் முழுதும் மாறும். விளைந்த நன்மையை அளந்தறிவதும் அரிது என்பன அவர்கள் கூறிய காரணங்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் சமநிலையை அறிந்தவரே அதனைக் குலைப்பதன் அபாயத்தையும் உணர்வர்.

அவருக்கு 2013-இல் அமெரிக்க தேசிய விஞ்ஞானப் பதக்கமும், 2019-இல் சுவீடன் நாட்டுக் கிராஃபோர்ட் பரிசும் வழங்கப்பெற்றன. சூரிய வெளிச்சம் உயிர்களை வளர்க்கும் விதத்தைச் சிறுவர்களுக்கு விளக்கும் படப் புத்தகங்களையும் அவர் ஓர் ஓவியருடன் சேர்ந்து எழுதியுள்ளார்.

களப் பணியாளரின் குறிப்பேட்டிலும், பள்ளிச் சோதனைச் சாலையிலும் எதிர்பாராத அளவுகள் அவ்வப்போது தோன்றுவதுண்டு. அவற்றுட் பெரும்பாலானவை பிழைகளே. எனினும் அழிப்பதற்கு முன், இடமும் ஆழமும் நேரமும் மாறும்போது அவ்வளவும் ஒழுங்காக மாறுகிறதா என ஒருமுறை சோதித்தல் வேண்டும். 1985-இல் அக்கப்பலில் செய்யப்பட்டதும் அச்சோதனையே.