ஆளெடுக்கும் பொறுப்பு யாருடையது?

தறி வாங்குவோர் அதன் மரத்தைத் தட்டிப் பார்த்தும், விதை வாங்குவோர் அதன் முளைப்பை அறிந்துமே வாங்குவர். ஆட்களைச் சேர்க்கும் காரியத்திலோ இத்தகைய கவனம் நெடுங்காலம் செலுத்தப்படவில்லை. முதலாளிகள் அப்பொறுப்பைப் பிறர் கையில் விட்டனர். அதனால் விளைந்த கேடுகளைக் களையவே, இன்று மனிதவள அதிகாரி என வழங்கும் உத்தியோகம் நம் நாட்டில் வேரூன்றியது. அவ்வதிகாரிக்கு இக்காலத்தில் நேரும் சோதனைகளை நம் அங்கத்தினர்களும் அறிதல் நலம். சிப்பந்திகளை அமர்த்தும் வகையில் நமது சங்கமும் ஒரு முதலாளியே அன்றோ?

முற்காலத்தில் ஆலைகளுக்கு ஆள் சேர்த்தவர் மேஸ்திரி. சேர்ப்பதும் நீக்குவதும் அவர் விருப்பமாயிருந்தபடியால், வேலைக்கு வந்தவன் கையூட்டுக் கொடுத்தே உள்ளே நுழைய நேர்ந்தது. 1929-இல் விட்லி என்பவரின் தலைமையில் அமைந்த ராயல் தொழிலாளர் கமிஷன், 1931-இல் அளித்த அறிக்கையில், இவ்வதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து நீக்கித் தொழிலாளர் அதிகாரியிடம் ஒப்படைக்குமாறு கூறிற்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளில் நல அதிகாரி இருத்தல் வேண்டும் என விதித்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்சட்டத் தொகுப்பில் இவ்வெண்ணிக்கை 250 ஆகக் குறைக்கப்பட்டுள்ளது.

மேஸ்திரி சென்றார், ஒப்பந்தக்காரர் வந்தார். ஒரே வாயிலில் நுழைந்து ஒரே யந்திரத்தருகே நிற்கும் இருவருள் ஒருவர் ஆலையின் ஆள், மற்றவர் ஒப்பந்தக்காரரின் ஆள். பின்னவரை மனிதவள அதிகாரி தேர்ந்தெடுக்கவில்லை. ஆயினும் விபத்தும் கூலித் தகராறும் அவர் மேசைக்கே வருகின்றன. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறின் நிறுவனமே கொடுக்கவேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது இதனாலேயாம். ஆளை வேறொருவர் அனுப்பினும், பொறுப்பு வேலை வாங்குவோரை விட்டு அகலாது என்பது அதன் கருத்து.

இப்போது மூன்றாவது இடையாளாகக் கணினி வந்திருக்கிறது. அமெரிக்காவின் அமேசான் நிறுவனம், வேலை கோரும் மனுக்களைத் தரம் பிரிக்க 2014 முதல் ஒரு கணினி முறையை உருவாக்க முற்பட்டது. முந்திய பத்தாண்டுகளில் வந்த மனுக்கள் அதற்குப் பாடமாக அமைந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஆடவர் அனுப்பியவை. ஆகவே, பெண்கள் கழகம் ஒன்றில் இருந்ததாகக் குறித்திருந்த மனுக்களை யந்திரம் தாழ்த்தி மதிப்பிட்டது. திருத்தியும் நம்பிக்கை பிறவாமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. இச்செய்தி 2018 அக்டோபரில் வெளியாயிற்று. யந்திரம் கையூட்டுக் கேளாது. ஆனால் பழைய பழக்கத்தின் ஓரவஞ்சனையைப் பிசகாமல் கற்றுக்கொள்ளும்.

இது பெரிய நிறுவனங்களின் கவலை மட்டுமன்று. 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. நாம் பார்வையிடச் செல்லும் சங்கங்களில், முப்பதாண்டு பேரேடு எழுதிய குமாஸ்தா கணினி முன் அமரத் தயங்குவதைக் காண்கிறோம். அவரை ஒதுக்கிவிட்டு விசைப்பலகை அறிந்த இளைஞரை அமர்த்துவது எளிது. ஆனால் ஒரே பெயருடைய இரு அங்கத்தினரில் கடனை அடைத்தவர் யார், பாகப்பிரிவினைக்குப் பின் நிலம் யாருடையது என்பவற்றை அறிந்தவர் அவரே. பதிவு பிழைத்தால் ஒருவர் கடன் மற்றொருவர் தலையில் ஏறும்.

ஆதலின் நிர்வாகக் குழுவினர் கவனிக்க வேண்டுவன சில. பயிற்சியை வேலை நேரத்திலேயே அளித்தல் வேண்டும். கணக்குகள் ஒத்துவரும் வரை பழைய பேரேட்டை மூடலாகாது. குமாஸ்தாவையும் இளைஞரையும் அருகருகே அமர்த்தினால் ஒருவர் அறிவு மற்றவருக்குப் பயன்படும். புதிதாக ஆள் சேர்க்கும்போது, தேர்வு பெறாதவர்க்கும் காரணத்தை எழுதி வைத்தல் வேண்டும்.

மேஸ்திரியாயினும் ஒப்பந்தக்காரராயினும் கணினியாயினும் உதவிக்குக் கொள்ளலாம். ஆனால், "என்னை ஏன் நீக்கினீர்கள்?" என்று ஒருவர் வந்து கேட்டால், விடை கூற வேண்டியவர் அவரை வேலைக்கு வைத்தவரே. கூட்டுறவுச் சங்கத்தில் அந்த வேலைக்கு வைத்தவர் நாம் அனைவருமே ஆவோம்.