உண்ணிக் காய்ச்சலும் ஊர்ப் பயணமும்

தாராவியில் வாழும் தமிழ் மக்களுள் பலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழியினர். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் சொந்த ஊர் சென்று திரும்புவது அவர்களுடைய வழக்கம். திரும்பும்போது கருப்பட்டியும் முறுக்கும் உடன் வரும். சில வேளைகளில், தாம் அறியாமலே, ஒரு நோயையும் உடன் கொணர்வதுண்டு. அதுவே உண்ணிக் காய்ச்சல். மருத்துவர்கள் இதனை ஸ்க்ரப் டைபஸ் என்பர்.

நாயின் காதிலும் மாட்டின் மடியிலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் உண்ணியை நாம் அனைவரும் அறிவோம். அதன் உறவினமாகிய மிகச் சிறிய பூச்சி ஒன்று புதர்களிலும் புல்வெளிகளிலும் வயல் வரப்புகளிலும் வாழ்கிறது. வளர்ந்த பூச்சி நம்மைக் கடிப்பதில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த இளம் பருவமே கடிக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவும் இராத அது கண்ணுக்குப் புலனாவதே அரிது. கடிக்கும்போது வலியும் தோன்றாது. ஓரியென்ஷியா சுட்சுகாமுஷி என்னும் கிருமியை இப்பூச்சி நம் உடலிற் சேர்க்கிறது. தாய்ப் பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே கிருமி அடுத்த தலைமுறைக்குச் செல்வதால், நோய் ஓரிடத்தில் நெடுங்காலம் நிலைத்து நிற்கிறது. எலிகள் இப்பூச்சிகளைச் சுமந்து திரிகின்றன. நோயாளியிடமிருந்து பிறருக்கு இக்காய்ச்சல் தொற்றுவதில்லை.

இது புதிய நோயன்று. இரண்டாம் உலகப் போரின்போது அஸ்ஸாம், பர்மாக் காடுகளில் ஏராளமான போர்வீரர்களை இது வாட்டியது. தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதனை அடுத்த குளிர் மாதங்களிலும் இது மிகுதியாகக் காணப்படுகிறது. பொங்கற் பயணமும் இதே பருவத்தில் அமைவது நாம் கவனிக்கத்தக்கது.

கடியுண்ட பின் ஆறு முதல் இருபத்தொரு நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். ஊரிற் கடியுண்டவருக்கு மும்பைக்குத் திரும்பிய பின்னரே உடல் சுடக்கூடும். கடுந்தலைவலி, உடல்வலி, குளிர் நடுக்கம், நெறிகட்டுதல் ஆகியவை உடன் தோன்றும். இவை மலேரியாவிலும் டெங்குவிலும் எலிக் காய்ச்சலிலும் காணப்படுபவையே. மும்பை மருத்துவரின் எண்ணம் முதலில் அந்நோய்களின்பாற் செல்வது இயல்பு. இவ்வாறு நாட்கள் கழியுமானால், நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை ஆகியவை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இந்நோயைக் காட்டிக் கொடுக்கும் அடையாளம் ஒன்றுண்டு. பூச்சி கடித்த இடத்தில், சுருட்டு நெருப்பாற் சுட்டதுபோலக் கருநிறப் பொருக்கு ஒன்று உண்டாகும். அது வலிப்பதில்லை, அரிப்பதும் அரிது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பில் உடை இறுகும் இடம், மார்பகத்தின் கீழ், காதின் பின்புறம் போன்ற மறைவிடங்களிலேயே பெரும்பாலும் இருக்கும். ஆதலால் நோயாளியே அதனை அறியாதிருப்பார். வீட்டார் கூச்சம் பாராமல் தேடிப் பார்த்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். எனினும் எல்லோருக்கும் இது தோன்றுவதில்லை. பொருக்கு இல்லை என்பதனால் நோய் இல்லை என்று கொள்ளலாகாது. முதல் வாரத்தில் இரத்தப் பரிசோதனையும் சில சமயம் நோயைக் காட்டத் தவறும்.

நற்செய்தி யாதெனில், இதற்கு எளிய மருந்து உண்டு. டாக்சிசைக்ளின் உரிய காலத்தில் கொடுக்கப்படின், பெரும்பாலோர்க்கு இரண்டு நாட்களுக்குள் காய்ச்சல் தணிகிறது. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தரப்படுவதுண்டு. நோய் முற்றியவர்களுக்கு இவ்விரு மருந்துகளையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்துவது மிகுந்த பயன் தருகிறது என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் பிற இந்திய மருத்துவமனைகளும் நடத்திய ஆய்வு 2023ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியது. எம்மருந்தையும் மருத்துவரே தர வேண்டும். கடையில் நாமே கேட்டு வாங்கி உண்ணலாகாது.

இதனோடு குழப்பிக் கொள்ளக் கூடாத நோய்களும் உள. 1957ஆம் ஆண்டில் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் அறியப்பட்ட குரங்குக் காய்ச்சல், பின்னர் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்திலும் தோன்றியது. அதுவும் உண்ணியாற் பரவுவதே. ஆனால் வைரஸால் வருவதாகையால் மேற்கூறிய மருந்துகள் அதற்குப் பயன்படா. அமெரிக்காவில் மிகுந்துள்ள லைம் நோய் நம் நாட்டில் அரிது.

காக்கும் வழிகள் எளியவை. ஊரில் புல்தரையிலோ வரப்பிலோ வெறுமனே அமர்வதையும் படுப்பதையும் தவிர்க்க வேண்டும். கட்டிலோ பாயோ நன்று. துவைத்த துணியைப் புதர்மீதும் புல்மீதும் உலர்த்தாமற் கொடியில் உலர்த்துவோம். வயலுக்கோ தோட்டத்துக்கோ செல்லும்போது கைகால்களை மூடும் உடை அணிவோம். திரும்பியதும் சோப்பிட்டு நன்கு தேய்த்துக் குளித்து, உடுத்த துணியை வெந்நீரில் துவைப்போம். வீட்டைச் சுற்றியுள்ள புதர்களை அகற்றி எலிகளை ஒழிப்போம். பெரிய உண்ணி உடலில் ஒட்டியிருப்பின் நெருப்பு வைப்பதும் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தவறு. சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பற்றி நேராக இழுத்தெடுக்க வேண்டும்.

ஊர் சென்று வந்த மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், தாராவியை அடுத்துள்ள சயான் மருத்துவமனைக்குச் சென்றாலும், தெருமுனை மருத்துவரிடம் சென்றாலும், "நான் ஊருக்குப் போய் வந்தேன், வயற்காட்டில் நடந்தேன்" என்பதை மறவாமற் கூறுங்கள். கேட்கப்படாவிட்டாலும் கூறுங்கள். மருத்துவரின் எண்ணத்தை உரிய நோயின்பால் திருப்பவும், ஓர் உயிரைக் காக்கவும் அவ்வொரு சொல் போதும்.