ஓவராயில் பண்ணினால் ஓடும்!

பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் சைக்கிள் ஓடித் தேய்வதைவிட, நின்று துருப்பிடித்து வீணாவதுதான் அதிகம். சுண்ணாம்புக்குளம் பக்கம் போனால், ஏதாவது ஒரு வீட்டுச் சுவரோரம், வலைக் குவியலுக்குப் பின்னால், கியர் சைக்கிள் ஒன்று சாய்ந்து கிடக்கும். மூத்தவன் பத்தாவது படிக்கும்போது அடம்பிடித்து வாங்கியது. இப்போது அவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு பைக்கில் போய்வருகிறான். சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. அதே வீட்டில் இளையவள் சைக்கிள் கேட்டால், “புதுசு வாங்கிக்கலாம்மா” என்று பதில் வருகிறது. வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கியர் வைத்த புது மவுண்டன் பைக் என்றால் பத்தாயிரத்துக்கு மேல் எடுத்துவைக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்லதுதான். ஆனால் உதிரி பாகங்களுக்கும் அதே சலுகை உண்டு. போதாததற்கு, மலிவு விலையில் வரும் புது வண்டியின் ‘ஷாக் அப்சார்பர்’ என்பது பெரும்பாலும் குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங், அவ்வளவே. நம் உப்புக்காற்றில் இரண்டு மழைக்காலம் போனால் அது அமுங்கவும் மறக்கும், எழவும் மறக்கும்.

மவுண்டன் பைக் என்ற வண்டியே பழசைத் தட்டியெடுத்துப் பிறந்ததுதான். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் மாவட்டத்து இளைஞர்கள் சிலர் மலைச்சரிவில் சைக்கிள் விட ஆசைப்பட்டார்கள். அதற்கென்று கடையில் வண்டி கிடையாது. 1930, 40களில் வந்த ஷ்வின் கம்பெனியின் தடித்த டயர் சைக்கிள்களைக் குப்பையிலிருந்தும் கொட்டகையிலிருந்தும் தேடியெடுத்து, மட்கார்டைக் கழற்றி எறிந்து, வேறு பிரேக்கும் கியரும் மாட்டினார்கள். 1976இல் அவர்கள் ஒரு மண்பாதையில் பந்தயம் தொடங்கினார்கள். இறக்கத்தில் பின் ஹப்பில் இருந்த பிரேக் கொதித்து உள்ளிருக்கும் கிரீஸ் முழுக்கப் புகையாகிவிடும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் ஹப்பைத் திறந்து புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. ‘ரீபேக்’ என்று அந்தப் பந்தயத்துக்குப் பெயர் வந்ததே அதனால்தான். 1977இல் ஜோ பிரீஸ் புதிதாக ஃபிரேம் கட்டினார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்தது. அதுவரை மவுண்டன் பைக் என்றால் பெரும்பாலும் ஓவராயில் செய்த பழைய சைக்கிள்தான்.

சுண்ணாம்புக்குளத்தில் மலை கிடையாது. பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழமே சுமார் ஒரு மீட்டர். ஏரி எவ்வளவு தட்டையோ, கரையும் அவ்வளவு தட்டை. எளாவூர் ஸ்டேஷனிலோ ஆரம்பாக்கம் ஸ்டேஷனிலோ இறங்கி ஏரிப் பக்கம் மிதித்தால், பாலத்தின் ஏற்றத்தைத் தவிர வேறு மேடு தெரியாது. அப்புறம் எதற்கு 21 கியர்? பிற்பகலில் எதிர்த்து வீசும் கடற்காற்றுக்கும் மணல் பாதைக்கும் இரண்டு மூன்று கியர் தேவைப்படலாம். முன்பக்கம் ஒரே பல்சக்கரம், பின்னால் ஆறோ ஏழோ போதும். அதுவும் துருப்பிடித்து நின்றுவிட்டால் கடைக்காரர், “கழட்டிப் போட்டுடலாம் தம்பி, ஒத்தை ஃப்ரீவீல் போட்டுக்க” என்பார். அது சோம்பேறித்தனமான யோசனை இல்லை, இந்த நிலத்துக்குப் பொருத்தமான யோசனை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பின்சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்த இடமில்லாத ஃபிரேம் என்றால் செயின் தொய்யும். பழைய கியர் கையைக் கழற்றி எறியாமல், செயினை இழுத்துப் பிடிக்க அதையே ஓரிடத்தில் நிறுத்தி வைக்கலாம்.

ஷாக் அப்சார்பருக்கும் அதே தீர்ப்பு. இறுகிப்போனதைத் தூக்கிவிட்டு சாதா போர்க் போட்டால் வண்டி லேசாகும், ஹேண்டில் சொன்ன பேச்சைக் கேட்கும். வாங்கும் முன் பழைய போர்க்கின் மேல்குழாயை அளந்துகொள்ளுங்கள். குறுக்களவு ஓர் அங்குலத்திலும் வரும், 1 1/8 அங்குலத்திலும் வரும். ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் ஏறாது.

இங்கே சைக்கிளுக்கு எதிரி உப்பு. கோடையில் ஏரி வற்ற வற்றத் தண்ணீர் கடலைவிடக் கரிக்கும். காற்றில் வரும் உப்பு இரும்பில் படிந்து, இரவு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது முழங்கால் தண்ணீரில் வண்டியை மிதித்துக்கொண்டு போகிறோம். ஹப்பும் பெடல் அச்சும் மூழ்கியெழுகின்றன. வெளியே துடைத்து எண்ணெய் விட்டால் போதும் என்று நினைக்கிறோம். சேதம் உள்ளே நடக்கிறது.

பெடல் அச்சைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். இடது கிராங்கைக் கழற்றி, பூட்டு வளையத்தைத் தட்டி, கப்பைத் திருகினால் முதலில் சொட்டுவது தண்ணீர். அடுத்து கடுங்காப்பி நிறத்தில் சேறு. கிரீஸ் இருந்த இடத்தில் மணல் நறநறக்கும். பக்கத்துக்கு 11 என்று கால் அங்குல பால்ஸ் இருக்க வேண்டும். சிலது நொறுங்கியிருக்கும், மற்றதெல்லாம் அம்மைத் தழும்பு முகம்போலக் குழி விழுந்திருக்கும். ஃபிரேமின் மேல்குழாய்களுக்குள் இறங்கிய தண்ணீரெல்லாம் கடைசியில் வந்து தேங்கும் இடம் இதுதான். மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, புது பால்ஸும் நிறைய கிரீஸும் வைத்து மூடினால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி. இதே வேலையை இரண்டு ஹப்புக்கும் ஹேண்டில் கழுத்துக்கும் செய்ய வேண்டும்.

வீட்டிலேயே திறக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வலப்பக்கக் கப்புக்கும் இடது பெடலுக்கும் மரை எதிர்த்திசை. வழக்கம்போல இடப்பக்கம் திருகினால் இன்னும் இறுகும்; மல்லுக்கட்டினால் மரை போகும், அதோடு ஃபிரேமும் போகும். இந்த மரை அளவு பெரும்பாலான வண்டிகளில் பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. கம்பெனி காலத்தது. துப்பாக்கி செய்த அந்தக் கம்பெனியின் பெயரில்தான் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸிலிருந்து நமக்கு வண்டி வந்தது. அளவு மாறாததால் 20 வயசு ஹெர்குலிஸுக்கும் இன்றைக்கு அச்சு கிடைக்கிறது. அட்லஸ் கம்பெனி 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினத்தன்றே, தன் சாகிபாபாத் ஆலையை மூடியது. அந்தப் பெயர் போட்ட சைக்கிள்கள் தெருவில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

செயினுக்கு ஒரு ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் வைத்து 24 கண்ணி தள்ளி அளந்தால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 கூடிவிட்டால் ஃப்ரீவீல் பற்களும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்றியாக வேண்டும். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை நிறுத்துங்கள். அது பிசினாகி மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பைக்கிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலும் வேண்டாம்.

டயரில் ஏமாறாதவர்கள் குறைவு. 26 x 1.95 என்று புள்ளி வைத்து எழுதியதும், 26 x 1 3/8 என்று பின்னமாக எழுதியதும் ஒரே 26 இல்லை. முதலாவது மவுண்டன் பைக் ரிம்முக்கு, ரிம் அளவு 559 மி.மீ.; இரண்டாவது லேடீஸ் சைக்கிள் ரகம், 590 மி.மீ. பழைய டயரின் பக்கவாட்டில் இருப்பதை அப்படியே போனில் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் வம்பில்லை.

காசு கொஞ்சம் கூடக் கையில் இருந்தால் அதை ரிம்மில் போடுங்கள். குரோம் பூசிய இரும்பு ரிம் துருப்பிடிக்கும், மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். அலாய் ரிம்முக்கு இந்த இரண்டு தொல்லையும் வெகுவாகக் குறைவு. பழைய ஹப்பிலேயே 36 கம்பியும் கோத்துவிடலாம். கம்பி ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும்.

எல்லா வண்டியும் பிழைக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். இரும்பு ஃபிரேமில் பெயின்ட் கொப்பளித்த இடங்களை, முக்கியமாகப் பெடல் அச்சைச் சுற்றி, ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் கும்பிட்டு விட்டுவிடுங்கள். ஹேண்டிலுக்குக் கீழே ஜாயின்ட்டில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் சிறுசுக்கு அந்த வண்டியைக் கொடுக்காதீர்கள். இரும்பு ஃபிரேமுக்குள் அலுமினியக் கம்பத்தில் சீட் மாட்டியிருந்தால் இரண்டும் உப்பில் ஒன்றோடொன்று பிடித்துப்போயிருக்கும். அதை எடுப்பதற்குள் பொழுது சாயும். எடுத்துவிட்டால் கிரீஸ் தடவாமல் திரும்ப இறக்காதீர்கள்.

மழை ஓய்ந்த தை மாசம் இந்த வேலைக்குத் தோதான நேரம். அதன் பிறகு தண்ணீரில் இறக்கிய நாளெல்லாம் நல்ல தண்ணீரை மொண்டு ஊற்றிக் கழுவி, சீட்டைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் பீய்ச்சி அடிக்கக் கொடுக்காதீர்கள், அந்த வேகம் தண்ணீரை பால்ஸ் வரைக்கும் கொண்டுபோய்விடும்.

மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் விட்ட கடைகள் போய்விட்டன. கோட்டம் எடுக்கத் தெரிந்த கைகளும் குறைந்து வருகின்றன. உங்கள் பக்கத்தில் அப்படி ஒருவர் இன்னும் கடை திறந்து வைத்திருந்தால் வண்டியை அவரிடமே கொடுங்கள். மூடுவதற்கு முன் ஹப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாமான் விலையில் பேரம் பேசலாம், கூலியில் வேண்டாம். 36 கம்பியை ஒவ்வொன்றாக முறுக்கித் தளர்த்தி ஒரு சக்கரத்தை நேராக்க அரை நாள்கூடப் பிடிக்கும்.