பி.ஆர்க்: ஃபீஸுக்கு அப்பால் ஒரு கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் போடிநாயக்கனூரில் யாராவது பி.ஆர்க் என்று பேச்செடுத்தால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது ஃபீஸ் எவ்வளவு என்றுதான். விடியுமுன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிற குடும்பம் வேறென்ன கேட்கும்? ஆனால் இது ஐந்து வருஷம், பத்து செமஸ்டர் படிப்பு. ஃபீஸ் அதில் ஒரு பங்குதான். மற்றச் செலவும், கெடுகிற தூக்கமும் சேர்ந்த பிறகே முழுக் கணக்கு தெரியவரும்.

முதலில் கல்லூரியைப் பாருங்கள். 1972-ம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். (பிளான் போட யாருக்கும் தடையில்லை, அந்தப் பட்டப்பெயருக்குத்தான் தடை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு கதை.) அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் அந்தப் பதிவு கிடைக்காது. ‘எங்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இருக்கிறதே’ என்று கல்லூரி சொன்னால் அது போதாது. கட்டடக்கலைக் கல்வியில் கவுன்சிலின் விதியே செல்லும் என்று 2019 நவம்பரில் தீர்ப்பாகிவிட்டது. கல்லூரிக்கு அந்த ஆண்டு அனுமதி உண்டா, எத்தனை சீட் என்பதைக் கவுன்சிலின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். ‘நாட்டா நுழைவுத் தேர்வு எழுத வேண்டாம், சீட் நான் வாங்கித் தருகிறேன்’ என்கிற ஏஜென்ட்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நாட்டா அல்லது ஜே.இ.இ. இல்லாமல் இந்தப் படிப்பில் சேர வழியில்லை.

போடி அரசு பொறியியல் கல்லூரியில் பி.ஆர்க் கிடையாது. பக்கம் என்றால் மதுரைதான், ரயிலில் 90 கிலோமீட்டர். 2023 ஜூனில் போடிக்கு மறுபடி ரயில் வந்ததும் ‘தினமும் போய் வந்துவிடலாமே’ என்கிறார்கள். டிசைன் ஸ்டுடியோ என்கிற வரைபட வகுப்பு உள்ளவருக்கு அது ஒத்துவராது. வகுப்பு முடிந்த பிறகுதான் அவருடைய வேலையே ஆரம்பிக்கிறது. ஏ1 ஷீட் 84 சென்டிமீட்டர் நீளம். அதை டியூபில் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, இன்னொரு கையில் ஃபோம் போர்டு மாடலோடு கூட்டத்தில் ஏறிப் பாருங்கள். மறுநாள் ஜூரிக்கு (ஆசிரியர்கள் முன் டிசைனை வைத்து விளக்கும் மதிப்பீட்டுக்கு) மொட்டைமாடி இல்லாத வீடுதான் போய்ச் சேரும். ஹாஸ்டல் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். லேப்டாப், பிரின்ட், மாடல் சாமான், சைட் விசிட் இவையெல்லாம் ஃபீஸ் ரசீதில் வராது. அதே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிற ஒருவரிடம் போன செமஸ்டரில் கைக்காசு எவ்வளவு போனது என்று விசாரியுங்கள்.

சப்மிஷனுக்கு முந்தைய ராத்திரிக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘நைட் அவுட்’. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. தூக்கக் கலக்கத்தில் கட்டர் போர்டை விட்டு விரலில் ஏறும். விடிந்ததும் பைக் எடுப்பது அதைவிட ஆபத்து. மனசு உடைந்துபோகிற அளவுக்குப் போனால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

ஜூரியில் ஷீட்டின் மேல் சிவப்புக் கோடு விழுவது பாடம். ஆளை அவமானப்படுத்துவது பாடத்தில் சேராது. மதிப்பெண் எப்படிப் போட்டார்கள் என்று சொல்ல மறுப்பது, அறிவித்ததைவிடக் கூடுதல் பணம் கேட்பது, ஒரிஜினல் சான்றிதழைத் தர மறுப்பது, தொந்தரவு செய்வது எல்லாமே யு.ஜி.சி.யின் 2023 விதிகளின்படி புகார் செய்யக்கூடியவை. கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தியில்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். தனியாகக் கொடுக்கப் பயமாக இருந்தால் வகுப்பே சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். ராகிங் என்றால் 1800-180-5522.

பண விஷயத்தில், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பிரின்ட் செலவுக்காவது ஆகும். கல்விக் கடனுக்கு வங்கியில் விண்ணப்பிக்கும்போது லேப்டாப், ஹாஸ்டல், மாடல் செலவையும் எழுதுங்கள். ஃபீஸை மட்டும் எழுதிவிட்டு இரண்டாம் வருஷம் வட்டிக்கு அலைகிறவர்கள் நிறைய.

கடைசி வருஷங்களில் ஒரு செமஸ்டர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் பயிற்சி. ஊக்கத்தொகை இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. சென்னைக்கோ பெங்களூருக்கோ ரூம் பார்க்குமுன், தொகை எவ்வளவு, வேலை எத்தனை மணி வரை என்று மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.