சமையலுக்குப் போன அபூர்வப் பட்சி

பீகிள் கப்பலில் தென் அமெரிக்கா சென்ற சார்லஸ் டார்வின், ரியோ நீக்ரோ நதிப் பிரதேசத்தில் குதிரையேறித் திரியும் கௌச்சோ மேய்ப்பர்களிடம், ரியா என்னும் பறக்காத பெரும்பறவையின் சாதாரண இனத்தைவிடச் சிறியதும், நிறம் கறுத்ததும், குட்டையான கால்களில் இறகு தாழ இறங்கியதுமான வேறொரு ஜாதி உண்டென்று கேள்வியுற்று, அதைக் காணப் பெரிதும் ஆவல் கொண்டிருந்தார். பின்னர் பட்டகோனியாவின் போர்ட் டிசையர் துறையில், கப்பலின் ஓவியர் கான்ராட் மார்ட்டென்ஸ் சுட்டு வீழ்த்திய பறவையொன்றை, வளர்ச்சி முற்றாத சாதாரண ரியா என்று டார்வினே கருதிவிட, அது சமைத்து உண்ணப்பட்ட பிறகுதான் மேய்ப்பர்களின் வார்த்தை அவர் நினைவுக்கு வந்தது. தலை, கழுத்து, கால்கள், சிறகுகள், தோலில் பெரும்பகுதி ஆகியன மிஞ்சியது சாஸ்திரத்தின் பாக்கியம்.

இப்படி மிஞ்சியதைக் காக்கத் தேவையான, பறவைத் தோலைப் பதப்படுத்தும் வித்தையை, கயானாவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஜான் எட்மன்ஸ்டன் என்பவரிடம், எடின்பரோவில் மாணவராயிருந்த காலத்திலேயே டார்வின் கற்றிருந்தார். இறகு கலையாமல் உரித்த தோலின் உட்புறத்தில், பூச்சி அரிக்காதபடி பாஷாணம் கலந்த சோப்பைத் தடவி, பஞ்சடைத்து, காலில் இடமும் தேதியும் எழுதிய சீட்டைக் கட்டுவது அக்காலச் சேகரிப்பாளரின் வழக்கம். அந்தச் சீட்டில்லாத தோல், எத்தனை அழகாயிருப்பினும், ஆராய்ச்சிக்கு அற்பமே.

1837-இல் லண்டனில் பறவையியல் அறிஞர் ஜான் கூல்ட் இந்தச் சிறிய ரியாவுக்கு டார்வின் பெயரையே சூட்டினார். ஆயினும் பிரெஞ்சு அறிஞர் டோர்பினி முன்பே இட்ட பெயரே நிலைத்தது. நெருங்கிய உறவுடைய இந்த இரு ரியா ஜாதிகள் வடக்கும் தெற்குமாக எல்லை பிரித்து வாழ்வதேன் என்ற சிந்தனை, அதே ஆண்டில் டார்வினின் குறிப்பேட்டில் இடம்பெற்றது.